எதிராளியின் கட்சி முதலில்

கறுப்பையா மாஸ்டரிடம் "இன்றைக்கு மழை வரும்" என்று சொன்னால்கூட அவர் உடனே மறுக்கமாட்டாராம். "கிழக்கால கருத்துக் கெடக்கு, காத்தும் நின்னுபோச்சு, அதனால மழை வரும்ங்கிறீங்க. அதுதானே நீங்க சொல்றது?" என்று முதலில் கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் "வராது" என்பார். கண்டிக்குப் பக்கத்து வத்தேகமயில் அவரிடம் படித்தவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. சந்தையில் கீரை வாங்கினாலும் இதே கூத்துத்தான். கீரைக்காரியின் நியாயத்தை அவளைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கீரை வாடல் என்று வாதாடுவார். பாவம், அந்த மனுஷி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவால் போகப் பழகிக்கொண்டாள்.

என் பாட்டனாரின், எங்கள் பேச்சில் மூத்தவாப்பாவின், வாப்பா ஹபீல் அவருடைய சிநேகிதர். ஆயுள் முழுக்க ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத சிநேகிதர். எங்கள் வீட்டில் எங்கள் ஆளின் கதையைவிடக் கறுப்பையாவின் கதைதான் அதிகம் பேசப்பட்டது. நான் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த காலத்தில், பீடக் கூட்டத்தில் ஒருவர் வாயைத் திறந்ததுமே இன்னொருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் கதையை எடுத்து மேசைமேல் போடவேண்டும் போலிருக்கும். படித்தவர்களுக்குக் காது இருப்பது கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான் என்று எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கண்டிக்கு ரயில் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. மலையெல்லாம் கோப்பி. இலைகளின் அடியில் மஞ்சள் பொடி படியத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அது பெரிய நோய் என்று ஒத்துக்கொள்ள எந்தத் தோட்டத்துரைக்கும் மனம் வரவில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்தில் ஒரு கோப்பித் தோட்டத்தில் சடையன் என்று ஒரு கங்காணி இருந்தார். தென்னாட்டு ஊர்களில் சனத்தைத் திரட்டி, தோணியேற்றி மன்னாரில் இறக்கி, அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடத்திக்கொண்டுவந்து தோட்டத்தில் சேர்ப்பதுதான் அவர் தொழில். அந்த வழியை வடக்குப் பாதை என்பார்கள். குளம் வற்றினால் தண்ணீர் இல்லை, குளம் நிறைந்தால் காய்ச்சல். அதற்கு மேல் வாந்திபேதி. வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

சடையன் கங்காணியின் ஒரே மகன்தான் கறுப்பையா. கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் அதே பாதையில், தோளில் உட்கார்ந்து வந்தவர். கங்காணிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஓர் ஆசை இருந்தது. துரைக்கு முன்னால் கைகட்டி நிற்கும்போதெல்லாம், பக்கத்தில் ஒரு கதிரை காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் அவர். "ஏம் மவன் அந்தக் கதிரையில ஒக்காந்து பேசணும்" என்று தோட்டத்துச் சனம் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். லயம் சிரித்தது. அவர் சிரிப்பைச் சட்டைசெய்யாமல் மகனைக் கண்டிக்கு நடத்திக்கொண்டு போய், வாவிக்கு மேலே மேட்டில் இருந்த கல்லூரியில் சேர்த்துவிட்டார்.

அந்தக் கல்லூரி இன்று இல்லை. அப்போது அதன் மேல்வகுப்பில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தார்கள். கொழும்புக்குப் போய் எழுதவேண்டும். தேறினால் பல்கலைக்கழக மாணவன் என்று பெயர். துரைமாரின் கந்தோரில், எழுத்து வேலைக்கு, கதிரை நிச்சயம். கறுப்பையாவும் ஹபீலும் அந்த வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். ஹபீலின் வாப்பாவுக்குக் கொழும்பு வீதியில் துணிக்கடை, மாத்தளைக்கு அப்பால்வரை போய்வரும் மாட்டு வண்டிகள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே ஒரு தமிழ் வாதசபை கூடும். பிரின்சிப்பல் துரைக்குத் தமிழ் விளங்காது. ஆகையால் அவர் அதைத் தடுக்கவும் இல்லை. ஒருமுறை அங்கே பனங்கட்டி உயர்ந்ததா, கித்துள் கருப்பட்டி உயர்ந்ததா என்று வாதம் வந்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்குக் கறுப்பையாவும் ஹபீலும் கட்டிப்பிடித்து உருண்டு, ஒரு கதிரையின் காலை முறித்துவிட்டார்கள். இரண்டு பேரும் கித்துள் பக்கம்தான் பேசியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவன் பேசி முடிப்பதற்குள் மற்றவன் பாய்ந்துவிட்டான். இன்னொரு கதிரை உடைந்தால் சபைக்குப் பூட்டு என்று பிரின்சிப்பல் சொல்லிவிட்டார்.

சபைக்குத் தலைவன் பெரியதம்பி. யாழ்ப்பாணத்துப் பையன், இவர்களைவிட ஒரு வகுப்பு மூத்தவன், எந்நேரமும் நெற்றி நிறையத் திருநீறு. அவன் ஒரு விதி கொண்டுவந்தான்.

"எங்கட பக்கத்தில சைவர் வாதாடேக்க முதல்ல பரபக்கம், பிறகுதான் சுபக்கம்" என்றான். "எண்டால், எதிராளியின்ர கட்சியை முதல்ல நீர் சொல்லவேணும். அவர் 'ஓம், அதுதான் என்ர கட்சி' எண்டு சொல்லுமட்டும் சொல்லவேணும். அவர் சொல்ல மறந்த நல்ல நியாயம் உமக்குத் தெரிஞ்சால் அதையும் சேர்க்கவேணும். ஒளிக்கிறவர் தோத்தவர். அதுக்குப் பிறகு நீர் எவ்வளவும் மறுக்கலாம்."

"அதெல்லாம் செல்லி முடிய பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு செல்லிருவாங்களே" என்றாராம் எங்கள் ஹபீல்.

"சொல்லட்டும். கதிரை மிஞ்சும்."

விதி நின்றது. முதலில் எல்லாருக்கும் எரிச்சல். எதிராளியின் வாதத்தைக் கோணலாகச் சொன்னால் அவன் "இல்லை" என்று விடுவான். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். போகப்போக ஒரு வினோதம் நடந்தது. மற்றவனின் கட்சியைச் சரியாகச் சொல்லி முடிக்கும்போது, அடிக்கக் கை ஓங்க முடியவில்லை. மறுப்பு மட்டும் முன்னைவிடக் கூர்மையாக வந்தது.

பரீட்சைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது ஹபீல் வாப்பாவின் வண்டிகளோடு தம்புள்ளைவரை போய்வந்தார். போகும்போது வாயாடியாகப் போனவர், வரும்போது ஊமையாக வந்தார். வழியில் ஒரு மரத்தடியில் ஓர் ஆள் கிடந்திருக்கிறான். வாயில் ஈ. பக்கத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை. சற்றுத் தூரத்தில் ஒரு கூட்டம் நடந்து போய்க்கொண்டிருந்தது. முன்னால் போன கங்காணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹபீல் வண்டியிலிருந்து குதித்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த ஆள் அவர் கையிலேயே போய்விட்டான்.

அடுத்த சபைக்கு ஹபீல்தான் பொருள் கொடுத்தார்: வடக்குப் பாதையில் விழுந்தவனை விட்டுவிட்டுப் போகும் கங்காணி குற்றவாளி. தானே அந்தக் கட்சியைப் பேசுவதாகவும் சொன்னார். எதிர்க்கட்சிக்கு யார் என்று பெரியதம்பி கேட்டபோது வகுப்பு முழுவதும் கறுப்பையாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது. கறுப்பையா எழுந்து, "நான் பேசுறேன்" என்றார்.

அவரிடம் சொந்தமாக ஒரு நியாயம் இருந்தது. கோப்பி வேண்டும் என்கிற துரைமாரும், கோப்பியால் நிமிர்ந்து நிற்கிற அரசாங்கமும் அந்தப் பாதையில் ஒரு கிணறு வெட்டவில்லை, ஒரு கொட்டகை போடவில்லை, ஒரு வைத்தியனை வைக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டு, கூட நடந்து சாகிற கங்காணியைக் குற்றவாளி என்பது அநியாயம் என்று அவர் நினைத்தார். துரைமாரின் பிள்ளைகளும் சிநேகிதர்களும் நடமாடும் கல்லூரியில் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆனால் விதி இருக்கிறதே. முதலில் ஹபீலின் கட்சி.

கறுப்பையா அதைச் சொன்னார். மரத்தடி, ஈ, சிரட்டை, திரும்பாத கங்காணி, எல்லாவற்றையும் சொன்னார். ஹபீல் எழுந்து, "ஓம், அதுதான் என்ட கட்சி" என்றார். அதோடு விட்டிருக்கலாம். கறுப்பையா விடவில்லை. அவருக்கு ஒன்று தெரியும். வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை; லயத்தில் ஒரு பழைய ஆள் குடிவெறியில் உளறியபோது காதில் விழுந்தது. ஒளிக்கிறவன் தோற்றவன் என்பது விதி.

"என் எதிராளிக்குத் தெரியாத ஒரு நியாயம் என்னிடம் இருக்கிறது" என்றார். மேடையில் அவர் பேசுவது ஏட்டுத் தமிழ். "விழுந்தவன் எவனோ ஒருவன் என்று நினைக்காதீர்கள். ஒரு கங்காணியின் கூடப்பிறந்த தம்பியே அந்தப் பாதையில் விழுந்தான். தம்பியின் தோளில் அண்ணனின் குழந்தை இருந்தது. கங்காணி குழந்தையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். தம்பியை விட்டுவிட்டு நடந்தார். சொந்த இரத்தத்தையே விட்டவர் பிறத்தியானுக்கு எப்படி நிற்பார் என்று என் எதிராளி கேட்கலாம். கேட்கவேண்டும். அந்தக் குழந்தை நான்."

ஹபீல் இரண்டாம் முறை எழுந்து "ஓம்" என்று சொல்லவேண்டும். தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு கறுப்பையா தன் கட்சிக்கு, சுபக்கத்துக்கு, வந்தார். வெட்டாத கிணறு, போடாத கொட்டகை, கணக்கில் வராத பிணங்கள், துரையின் பங்களா முற்றத்தில் காயும் கோப்பி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தன் தகப்பன் குற்றவாளியென்றால் அவரை அந்தப் பாதைக்கு அனுப்பியவர்கள் யார் என்று கேட்டார். தூக்கிய கைகளை எண்ணியபோது அவர் பக்கம்தான் அதிகம். ஹபீல் கடைசிவரை தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் வாதாடிக்கொண்டே வெளியே வந்தார்கள். பிரின்சிப்பல் துரை எதிரே வந்து, கதிரைகள் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சன்னலுக்குக் கீழே, சுவரோரம், ஒரு வாழைக்குலை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மடிப்புக் கலையாத புது வேட்டி.

"ஒங்க அப்பா கொண்டாந்தாரு" என்றான் வாசல் காவற்காரன். "கோப்பி மூட்டை வண்டியோட வந்தாராம். பரீச்சைக்குப் போட்டுக்கிட்டுப் போக வேட்டின்னாரு. நீங்க பேசுறது கேட்டுச்சா, சந்தோஷமா சன்னலோரம் நின்னாரு. கொஞ்ச நேரந்தான். யாரோ தம்பியப் பத்திப் பேசினீங்களே, அப்பவே வெச்சிட்டுப் போயிட்டாரு."

பாதி கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாதி முழுவதும் ஹபீலின் கட்சி.

அடுத்த கிழமை வண்டிக்காரன் ஒருவன் வாய்ச்சேதி கொண்டுவந்தான். படித்தது போதுமாம். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஆள் கூப்பிட ஆள் தேவையாம். பரீட்சை என்று சொல்லிக்கொண்டு கொழும்புக்குப் போவதானால் அப்படியே போய்விடலாமாம். லயத்துப் பக்கம் மறுபடி வரத் தேவையில்லையாம்.

ஆக, ஒன்றில் பரீட்சை, அல்லது அப்பா. மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டு வந்த கறுப்பையா, "ரெண்டையும் விடமாட்டேன்" என்றார்.

"போய்க் காலில விழும்" என்றான் பெரியதம்பி. "பெத்த தகப்பன்தானே. ஆறிப்போவார்."

"விழுந்தா ஆறிருவாரு. ஆனா அவரு பாதிதான் கேட்டிருக்காரு. மீதிய கேக்காம மன்னிச்சாருன்னா, அந்த மன்னிப்பு எனக்கு எதுக்கு?"

"தகப்பனோட வாதாடப் போறீரோ?"

"ஆமா."

பெரியதம்பி கையை விரித்துவிட்டான். ஹபீல் மட்டும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நானும் வாறன். குத்தம் செல்லினது நான்தானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தலாத்து ஓயா வழியாக மலை ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் ஹபீல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "உண்மையச் செல்லு. துரைமார்ட பிழையெல்லாம் செல்லினாய், சரி. ஒனக்கு ஒன்ட வாப்பா மேல கொஞ்சமும் கோவம் இல்லயா?"

கறுப்பையா முன்னால் ஏறிப் போய்விட்டார். சபையில் கைதட்டு வாங்கிய தன் சுபக்கத்தில் ஓர் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை இதுவரை பெரிய பெரிய துரைமாரை வைத்து அடைத்திருந்தார்.

சடையன் கங்காணி லயத்து வாசலில் உட்கார்ந்து செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்தும் கை நிற்கவில்லை. உள்ளே அடுப்படியில் இருந்த அம்மா வீரம்மா எழுந்து வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"பிரட்டுக்கு வந்தியா?" என்றார் கங்காணி.

"இல்லப்பா. பேச வந்தேன்."

"அன்னைக்குப் பேசினது பத்தலியா? ஊருக்கு நடுவுல நின்னு அப்பன் கொலகாரன்னு பேசினியே." ஹபீலைக் கத்தியால் சுட்டினார். "இது யாரு?"

"அன்னைக்கு எனக்கு எதிரா பேசின ஆளு."

"எதிரா பேசினவன எதுக்குடா வீட்டுக்குக் கூட்டியாந்த?"

"கங்காணியார், நான்தான் ஒங்கள குத்தம் செல்லினது" என்றார் ஹபீல். "இவன் ஒங்கட பக்கம். நீங்க கேட்டது என்ட கட்சி. எங்கட சபையில எதிராளிட கட்சிய முதல்ல செல்லித்தான் மறுக்கணும். இவன் மறுக்க முந்தி நீங்க போயிட்டீங்க."

கங்காணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அவன் பேசவேண்டியத நீ எதுக்குடா பேசற? அவனுக்கு வாயில்லியா?"

நியாயமான கேள்வி. இன்றைக்கும் பல பேராசிரியர்கள் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"பேசினாத்தான்ப்பா அவன் சொன்னது எனக்கு வெளங்கிச்சா இல்லியான்னு தெரியும்" என்றார் கறுப்பையா. தரையில் உட்கார்ந்தார். "அன்னைக்கு மீதில என்ன சொன்னேன்னு இவனே சொல்வான். அதுக்கு நான் வரல. இப்ப ஒங்க கட்சிய நான் சொல்லணும். சின்னய்யாவ ஏன் விட்டுட்டு வந்தீங்கன்னு. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. சரின்னு நீங்க சொன்ன பெறகுதான் நான் என் பேச்சப் பேசுவேன்."

பதினைந்து வருடத்துக்குக் கிட்ட அந்த வீட்டில் வராத, சித்தப்பாவின் பேச்சு அது. கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

"கூட்டம் பூரா ஒங்கள நம்பி வந்துச்சு" என்று தொடங்கினார் மகன். "நின்னா அத்தன பேருக்கும் பேதி ஒட்டிக்கும். ஒருத்தனுக்காக எல்லாரையும் சாகவிட முடியாது. அதனால நடந்தீங்க. அதுதானே?"

கங்காணி நிலத்தைப் பார்த்தபடி, "இல்ல" என்றார்.

கறுப்பையா எதிர்பார்த்தது அதுவல்ல. "சொன்ன நாளுக்கு ஆள் தோட்டத்துக்கு வரலேன்னா தொர ஒங்கள வெச்சிருக்கமாட்டாரு. அந்தப் பயம். அதுதானே?"

"இல்லடா."

வீரம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஹபீல் இதைச் சொல்லும்போதெல்லாம், தான் அங்கிருந்து ஓடிவிட நினைத்ததாகச் சொல்வாராம். தகப்பனின் கட்சியை இரண்டு முறை பிழையாகச் சொல்லியிருந்தார் கறுப்பையா. ஆனால் அவர் எழவில்லை. மூன்றாம் முறை தொடங்கினார்.

"சின்னய்யா தோள்ல நான் இருந்தேன்" என்றார். "அவருக்குப் பேதின்னு தெரிஞ்சதும் என்னைய ஒங்க தோளுக்கு மாத்தினீங்க. அந்த எடத்துல அவர நீங்க தம்பின்னு பாக்கல. என்னையக் கொல்ல வந்த பேதின்னு பாத்தீங்க. கூட்டத்துக்காக இல்ல, தொரைக்காக இல்ல. எனக்காக ஓடியாந்தீங்க. திரும்பிப் பாத்தா நின்னுருவோம்னு திரும்பிப் பாக்கல."

கங்காணி "ஆமா" என்றார். பிறகு, கேட்க ஆளே இல்லாததுபோல், "ஆமாடா. அதுதான்" என்றார்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, சோறு தின்றுவிட்டு, கண்டிக்குத் திரும்பியிருப்பேன். காரியம் ஆகிவிட்டதே! கறுப்பையாவுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. ஆனால் பாதி வாதத்தோடு எழுந்து போனவரைத் தேடிக்கொண்டு மலை ஏறி வந்தவர், தானும் பாதியோடு எழுந்து போவாரா?

"இப்ப என் பேச்சு" என்றார். "இருந்தும் எனக்கு ஒப்பில்லப்பா. எனக்காகன்னு நீங்க செஞ்சத நான் சரின்னு சொல்லமாட்டேன். தூக்கிட்டு வந்திருக்க முடியாது, சரி. நின்னிருக்க முடியாது, சரி. கூட ஒரு ஆள விட்டுட்டு வந்திருக்கலாம். ஒரு செம்புத் தண்ணியாச்சும் வெச்சிட்டு வந்திருக்கலாம். தொரமாரு செஞ்சது பெரிய பாவம். அதச் சபையிலயும் சொன்னேன், எங்கயும் சொல்வேன். ஆனா இது நம்ம பாவம்."

வீரம்மா "டேய்!" என்றாள். கங்காணி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

கத்தியைக் கீழே வைத்தார். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, துரைக்கு முன்னால் ஒருநாளும் உட்காராத அந்த மனிதர், மகனுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப நான் ஒன் கட்சியச் சொல்லணும். அப்பிடித்தானே ஒங்க வழக்கம்?"

"ஆமாப்பா."

"ஆள விட்டுட்டு வந்திருக்கலாம். செம்புத் தண்ணி வெச்சிட்டு வந்திருக்கலாம். அதச் செய்யாத அளவுக்கு ஒனக்கு அப்பிடி என்ன அவசரம்னு கேக்குற. ஒனக்குத் தெரியாத ஒரு நியாயம் ஒன் பக்கம் இருக்கு. அதயும் நான்தானே சேக்கணும்? கொடத்துல தண்ணி இருந்துச்சுடா. நெறையவே இருந்துச்சு. அண்ணேன்னு கையக் காட்டிக் கேட்டான். ஒனக்கு வழிக்கு வேணுமேன்னு கொடுக்காம வந்துட்டேன். சேத்துக்க. இப்பச் சரியா? அதுதானே ஒன் கட்சி?"

விதிப்படி கறுப்பையா "ஆமாம்" என்று சொல்லித்தான் ஆகவேண்டும். அவருடைய அப்பா காத்திருந்தார்.

"ஆமாப்பா. அதுதான்."

"சரி. இப்ப நான் மறுக்கணும்." கங்காணி கத்தியை மறுபடி கையில் எடுத்தார். தீட்டிய கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மறுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றைக்கு அந்த வீட்டில் நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது ஹபீலிடம் சபைப் பேச்சின் மீதியைக் கேட்டு முடித்த கங்காணி, அவர் கண்ட அந்த மரத்தடி எந்தக் குளத்துக்குப் பக்கம் என்று விசாரித்தார். அதற்குப் பிறகு அவர் ஆள் கட்டிக்கொண்டு வந்த நடைகளில், யாராவது விழுந்தால் ஓர் ஆளும் ஒரு குடம் தண்ணீரும் பின்தங்கி நிற்கும். கூட்டம் பிந்தி வந்து சேர்ந்தது என்று துரை ஏசினார். கங்காணி கைகட்டிக்கொண்டு கேட்டு, "தொர சொல்றது இதுதானுங்களே" என்று அவர் ஏச்சை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்த முறையும் அப்படியே பிந்தி வந்தார்.

கறுப்பையா புது வேட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். கணக்கில் விழுந்தார். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்! அடுத்த வருடம் எழுதித் தேறினார். துரையின் கந்தோர்க் கதிரை வேண்டாம் என்று வத்தேகமயில் பள்ளிக்கூடம் வைத்தது பிறகு. அதற்குக் கங்காணி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மகனின் நியாயத்தைப் பிசகில்லாமல் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் புதிதாக மறுத்தார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, அவர்கள் மலையிலிருந்து இறங்கிய அடுத்த சனிக்கிழமை, வாதசபையின் கடைசி வாங்கில் தலைப்பாகையோடு ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைய பொருள் ரயில் நல்லதா கெட்டதா என்பது. பேசியவன் எதிராளியின் கட்சியை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பொறுமை இழந்த ஒரு பையன் எழுந்து வாசலை நோக்கி நடந்தான். சடையன் கங்காணி கையை நீட்டி அவன் சால்வையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒக்காருய்யா" என்றார். "இன்னும் பாதிதான் ஆயிருக்கு."